நாயின் பயமும் நம்மவர் மாத்திரையும்

நாய்க்குப் பயம் பிடித்தால் நம் ஜனங்கள் என்ன செய்கின்றார்கள் என்பதைச் சற்றுக் கவனிப்போம். தீபாவளிக்கு முந்திய நாள் தெருவில் அணுகுண்டு வெடி வெடிக்க ஆரம்பித்தவுடன் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்குகின்றது. வாயில் எச்சில் ஒழுகுகின்றது. கறித்துண்டைக் காட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கதவைப் பிறாண்டி நகம் பெயர்ந்து இரத்தம் வருகின்றது. சில நாய்கள் சங்கிலியை அறுத்துக் கொண்டு ஓடி மறுநாள் காலையில் ரோட்டில் லாரியில் அடிபட்டுக் கிடக்கின்றன. இதைக் கண்ட வீட்டுக்காரர்களில் ஒருவர் பூசாரியிடம் ஓடி மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கி வந்து நாயின் கழுத்தில் கட்டுகிறார். மற்றொருவர், “நாய்க்கு என்ன பயம்? நாலு போடு போட்டால் தானே அடங்கும்” என்று தடியை எடுக்கிறார். மூன்றாமவரோ படித்தவர். அவர் பூசாரியிடமும் போவதில்லை, தடியையும் தொடுவதில்லை. தமது மனைவியாருக்குத் தூக்கம் வராததற்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதியை ஒடித்து இட்டிலிக்குள் வைத்து நாய்க்குப் போடுகிறார். இம்மூவரில் மூன்றாமவரைப் பற்றித்தான் நாம் இங்கு எழுத விரும்புகிறோம். ஏனெனில், கயிறு நாய்க்கு நன்மை செய்யாதே ஒழிய நாயைக் கொல்லாது. மாத்திரை கொன்றாலும் கொல்லும். அன்றியும், தாம் செய்வது பகுத்தறிவு என்று வேறு அவர் நினைத்துக் கொண்டிருக்கிறார்.

நாம் மருந்துக்கு விரோதியல்ல. நாயின் பயத்திற்கு மருந்து உண்டு என்பதையும், சரியானபடி கொடுத்தால் அது பலன் தருகின்றது என்பதையும் முதலிலேயே சொல்லி விடுகிறோம். ஆனால் மருந்து என்பது மந்திரக் கயிற்றுக்குப் பதிலாக வந்த வேறொரு கயிறு அல்ல. யார் கையால் கொடுத்தாலும், எப்போது கொடுத்தாலும், எவ்வளவு கொடுத்தாலும் குணம் செய்யும் என்று நம்புவது மருந்தின் பேரால் செய்யும் மூடநம்பிக்கையே ஆகும்.

நாய்க்குப் பயம் என்பது உண்டா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இராத்திரியில் நாய் ஊளையிட்டால் எமனைக் கண்டு விட்டது என்றும், காரணம் தெரியாமல் நடுங்கினால் பேய் அடித்து விட்டது என்றும் சொல்லுகின்ற நாட்டிலே, நாய்க்கு மூளை இருக்கின்றது, அந்த மூளையில் பயம் பிறக்கின்றது என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்காக ருஷ்ய நாட்டில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். பாவ்லவ் என்னும் விஞ்ஞானி நாய்களை வைத்துக் கொண்டு நெடுங்காலம் பரீட்சை செய்து வந்தவர். 1924-ம் வருஷம் செப்டம்பர் மாதம் லெனின்கிராட் நகரத்தில் பெருவெள்ளம் வந்து, அவருடைய நாய்கள் அடைக்கப்பட்டிருந்த கூடுகளுக்குள் தண்ணீர் ஏறி விட்டது. வேலையாட்கள் நீந்திப் போய் நாய்களைக் காப்பாற்றினார்கள். உயிர் தப்பிய நாய்களில் சில அதற்குப் பின் பழைய நாய்களாக இல்லை. கற்றிருந்த பாடங்களெல்லாம் போய் விட்டன. நாளாக ஆகத் தேறி வந்த ஒரு நாய் இருந்த அறையின் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரை ஓசையில்லாமல் உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான், நாய் மறுபடியும் பழையபடி நிலை குலைந்து போயிற்று. இதில் எமன் எங்கே வந்தான்? பேய் எங்கே வந்தது? தண்ணீர் வந்தது, அந்தத் தண்ணீரை நாயின் மூளை மறக்கவில்லை. இவ்வளவுதான் சங்கதி.

அதே பாவ்லவும் அவரைச் சேர்ந்தவர்களும் அப்படி நிலை குலைந்த நாய்களுக்கு ப்ரோமைடு என்னும் உப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் அவர்கள் கண்டறிந்த முக்கியமான விஷயம், எல்லா நாய்க்கும் ஒரே அளவு ஒத்து வராது என்பதாகும். உறுதியான நரம்புள்ள நாய்க்குக் குணம் செய்த அளவு, பலவீனமான நரம்புள்ள நாய்க்குக் கெடுதல் செய்தது. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன் தெரிந்து போன இந்த உண்மையை, இன்றைய தினம் இட்டிலிக்குள் பாதி மாத்திரை வைக்கும் நம் படித்த நண்பர் அறியாமல் இருக்கிறார்.

அதற்குப் பின் மருந்து சாஸ்திரம் எவ்வளவோ முன்னேறி விட்டது. தனியே விட்டுப் போனால் அலறிச் சாமான்களைக் கடித்துக் குதறும் நாய்களுக்காக அமெரிக்காவில் 1998-ல் க்ளோமிப்ரமின் என்ற மருந்தும், 2007-ல் ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மருந்தும் நாய்க்கென்றே அனுமதிக்கப்பட்டன. வெடிச் சத்தத்திற்குப் பயப்படும் நாய்களுக்காக 2015-ல் டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மருந்தைக் களிம்பாகச் செய்து கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்க அனுமதித்தார்கள். 2018-ல் இமெபிடோயின் என்னும் மாத்திரை வந்தது. ஃபுளுவாக்ஸெட்டினுக்கு அனுமதி கொடுக்கும்போதே, நாயைப் பழக்கும் முறைகளோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். மருந்து கொடுத்து விட்டு, நாயைப் பழையபடி வாசலில் வெடிக்குப் பக்கத்திலே கட்டிப் போடுவதற்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

நிற்க, இம்மருந்துகள் இரண்டு தினுசு என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஒன்று, பயம் வரப் போகின்ற நாளைக்கு மட்டும் கொடுப்பது. அல்ப்ராசோலம், டிராசோடோன் முதலானவை இவ்வகை. மற்றொன்று, தினந்தோறும் கொடுத்து வருவது. ஃபுளுவாக்ஸெட்டினும் க்ளோமிப்ரமினும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை இன்று கொடுத்தால் நாளைக்குக் கேட்காது. பலன் தெரிய நாலு வாரம், ஆறு வாரம் கூட ஆகும். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஃபுளுவாக்ஸெட்டின் வாங்கிக் கொடுத்து விட்டு, “மருந்தெல்லாம் வெறும் ஏமாற்று” என்று சொல்லுகின்றவர் ஏமாற்றப்பட்டது மருந்தாலல்ல. அதே போல் நாலு நாள் கொடுத்து நாய் சரியாகத் தின்னவில்லை என்று நிறுத்தி, மறுபடியும் பத்து நாள் கழித்துக் கொடுப்பதும் பயனற்றது. முதலில் பசி குறைவதும், சற்று மந்தமாக இருப்பதும் இம்மருந்துகளில் காணக் கூடியவையே. அப்படிக் கண்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. பல நாள் கொடுத்து வந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அல்ப்ராசோலம் போன்றவற்றில் வலிப்புக் கூட வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஒரு வேளை மறந்து விட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுப்பதும் தவறு.

இன்னொரு பழைய மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தை வெடிச் சத்தத்திற்கு வெகுகாலம் கொடுத்து வந்தார்கள். இன்னும் சிலர் கேட்டு வாங்குகிறார்கள். அதைக் கொடுத்தால் நாய் அசையாமல் கிடக்கும். வீட்டுக்காரர் “ஆகா, பயம் போய் விட்டது” என்று சந்தோஷப்படுவார். உண்மை என்னவெனில், பயம் போகவில்லை. பயத்தைக் காட்டுகின்ற சக்திதான் போய் விட்டது. காது கேட்கின்றது, நெஞ்சு அடித்துக் கொள்ளுகின்றது, எழுந்து ஓட மட்டும் கால் வரவில்லை. ஆகவே, பயத்திற்கு அதை மட்டும் தனி மருந்தாகக் கொடுப்பதை இப்போது நாய்களின் குணங்களை ஆராய்ந்த டாக்டர்கள் ஆதரிப்பதில்லை. வாயைக் கட்டி விட்டு “இவனுக்குக் குறையே இல்லை, பாருங்கள், பேசவே மாட்டேன் என்கிறான்” என்று சொல்லும் நியாயம் நமது நாட்டுக்குப் புதிதல்ல. அதை நாய் மேலும் நடத்த வேண்டாம் என்பதுதான் நமது கோரிக்கை.

இனி, சொந்த மாத்திரைக்காரர் விஷயத்திற்கு வருவோம். நமக்குத் தெரிந்த ஒரு தோழர், நல்ல மனிதர், நாயிடம் பிள்ளையைப் போல் அன்பு வைத்தவர். அவர் சொன்ன கணக்கு இது: “எனக்கு அறுபது கிலோ எடை, எனக்கு ஒரு மாத்திரை. நாய்க்குப் பதினைந்து கிலோ. அதற்குக் கால் மாத்திரை. இதில் என்ன தப்பு?” கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஆனால் நாய் என்பது சின்ன மனிதன் அல்லவே! டயஸெபாம் என்ற மருந்து மனிதனுடைய உடம்பில் ஒரு நாள், இரண்டு நாள் கூடத் தங்கும். நாயின் உடம்பிலோ சில மணி நேரத்திலேயே கழிந்து போகும். இதைப் போல் ஒரு மருந்தை நாய் சீக்கிரம் கழிக்கும். மற்றொரு மருந்தைக் கழிக்க முடியாமல் தவிக்கும். எடையை மட்டும் வைத்துக் கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. கோலி முதலிய மேய்ச்சல் நாய் ஜாதிகளில், பிறவியிலேயே சில மருந்துகளை மூளைக்குள் நுழைய விடாமல் தடுக்கும் காவல் பழுதாயிருப்பதுண்டு. கிரேஹவுண்டு போன்ற மெலிந்த ஓட்ட நாய்களிடம் சில மயக்க மருந்துகள் நெடுநேரம் தங்கி விடும். நம் பக்கத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே மாதிரி உடற்கட்டுள்ள வேட்டை நாய்களாகையால், இன்ன ஜாதி என்பதை டாக்டரிடம் சொல்லி விடுவது நல்லது. இதனாலேயே இக்கட்டுரையில் எந்த மருந்துக்கும் அளவு எழுதாமல் விட்டிருக்கிறோம். அளவு வேண்டும் என்று நமக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

“அப்படியானால் டாக்டரும் அதே மருந்துக் கடையில் அதே மனித மாத்திரையைத்தானே எழுதிக் கொடுக்கிறார்?” என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆம், பல சமயங்களில் அப்படித்தான் எழுதுகிறார். ஆனால் எந்த மாத்திரை, அதில் வேறு என்ன கலந்திருக்கின்றது என்று பார்த்து எழுதுகிறார். நம் நாட்டுக் கடைகளில் அல்ப்ராசோலத்தோடு, இருதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலாலையும் சேர்த்துச் செய்த மாத்திரைகள் விற்கின்றன. ஃபுளுவாக்ஸெட்டினோடு அல்ப்ராசோலம் சேர்த்தவையும் உண்டு. பெயரின் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் அட்டையில் உள்ளது எது என்று எத்தனை பேர் படித்துப் பார்க்கிறார்கள்? மெதுவாகக் கரைவதற்காகவே செய்த மாத்திரைகளை ஒடித்துக் கொடுத்தால், ஒரு நாளைக்கு இறங்க வேண்டிய மருந்து ஒரே வேளையில் இறங்கி விடும். மனிதருக்கென்று செய்த சில திரவ மருந்துகளில் இனிப்புக்காக சைலிட்டால் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். மேல் நாடுகளில் விற்கும் கபாபென்டின் திரவத்தில் இது உண்டு. மனிதனுக்கு இது ஒன்றும் செய்யாது. நாய்க்கோ அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இறக்கித் தள்ளாடச் செய்து, வலிப்பு வரச் செய்து, ஈரலையும் கெடுத்து விடும். மாத்திரையை விடத் திரவம் சாதுவானது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டமும் இவ்விஷயத்தில் நம்முடைய பக்கத்தில்தான் இருக்கின்றது. அல்ப்ராசோலமும் டயஸெபாமும் ‘எச் 1’ என்ற அட்டவணையில் 2013-ல் சேர்க்கப்பட்டவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் எழுதிக் கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், எவ்வளவு என்பதையெல்லாம் கடைக்காரர் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் இவ்வாறிருக்க, “தெரிந்த பையன் கடை, கேட்டால் கொடுப்பான்” என்று சொல்லிக் கொள்ளுவது ஒரு பெருமையா? அந்தப் பையன் இன்று நாய்க்குக் கொடுக்கிறான். நாளைக்கு அதே மாத்திரையை நம் வீட்டுப் பிள்ளை கேட்டாலும் கொடுப்பான் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டாமா?

டாக்டரிடம் போகின்றவர்களும் பாதி சொல்லிப் பாதி மறைக்கின்ற வழக்கத்தை விட வேண்டும். முக்கியமாக உண்ணி மருந்தைப் பற்றி. நாய்க்கு உண்ணி பிடித்தால் அமிட்ராஸ் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவது நம் நாட்டில் எங்கும் நடக்கின்றது. அது வெளியில் பூசுவதுதானே, உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் இருக்கின்றது. அமிட்ராஸ் தோல் வழியாக உள்ளே போய், மூளை ரசாயனங்களைச் சிதைக்கும் ஒரு பொருளின் வேலையைத் தடுத்து விடுகின்றது. ஃபுளுவாக்ஸெட்டினும் க்ளோமிப்ரமினும் செரட்டோனின் என்ற ரசாயனத்தைப் பெருக்குகின்றவை. ஒரு பக்கம் பெருக்கி, மறு பக்கம் சிதையாமல் தடுத்தால் அது அளவு மீறிப் போய் நாய் வெறி கொண்டது போல் ஓடும், நடுங்கும், உடம்பு கொதிக்கும், கண்மணி விரியும், வலிப்பு வரும். க்ளோமிப்ரமின் கொடுக்கும்போதும், அதற்கு முன்னும் பின்னும் பதினான்கு நாட்களுக்குள்ளும் இவ்வகை மருந்துகள் கூடவே கூடாது. ஃபுளுவாக்ஸெட்டின் உடம்பில் இன்னும் வெகு நாள் தங்குவதாகையால், அதை நிறுத்திய பின் ஐந்தாறு வாரங்களாவது பொறுக்க வேண்டும். கால் வலிக்கென்று கொடுக்கின்ற டிராமடால் மாத்திரையும் இதே தொல்லையில் கொண்டு போய் விடும். ஆகவே போன மாதம் குளிப்பாட்டிய மருந்து முதற்கொண்டு, கழுத்தில் மாட்டிய உண்ணிப் பட்டை வரை ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும். பாட்டில்களையும் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக் கொண்டு போவது எல்லாவற்றிலும் உத்தமம். முன்னால் வலிப்பு வந்த நாயா, சினையா, பால் கொடுக்கின்றதா, ஈரல், சிறுநீரகம், இருதயம் ஒழுங்காயிருக்கின்றனவா என்பவற்றையும் பார்க்காமல் இம்மருந்துகளைத் தொடங்குவது நல்லதல்ல. இதற்காக இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், பணம் பறிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அன்றியும், முன்பு வெடிக்குப் பயப்படாத வயதான நாய் புதிதாகப் பயப்பட ஆரம்பித்தால், மூட்டு வலியோ வேறு வலியோ உள்ளே இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். வலியுள்ள நாய்க்குச் சத்தத்தின் பயம் அதிகப்படுகின்றது என்பது ஆராய்ச்சியில் கண்ட விஷயம்.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கின்றது. நாயின் குணம் திடீரென்று மாறினால் அதைப் பயம் என்றே முடிவு கட்டி விடக் கூடாது. சாதுவான நாய் காரணமின்றி இருட்டு மூலையில் ஒதுங்குகின்றது, கட்டையைக் கடிக்கின்றது, கீழ்த்தாடை தொங்குகின்றது, எச்சில் ஒழுகுகின்றது, விழுங்க முடியவில்லை என்றால் அது வெறிநோயாக இருக்கலாம். அப்படிப்பட்ட நாயின் வாயைத் திறந்து மாத்திரை போடப் போகின்றவர் தம் உயிரையே அதன் வாயில் வைக்கின்றார். வெறிநோய் வெளிப்பட்ட பின் நாய்க்கும் மருந்தில்லை. மனிதனுக்கு வெளிப்பட்டால் அநேகமாய்ச் சாவுதான். பாஸ்டர் 1885-ல் மனிதனுக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டி, நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் ஸ்தாபனம் இருந்து வந்தும், இன்னமும் கடிவாயில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் வைத்து மந்திரிக்கப் போகின்றவர்கள் இருக்கிறார்களே, இதை என்னவென்று சொல்லுவது? கடித்தாலும் சரி, கையில் உள்ள காயத்தில் எச்சில் பட்டாலும் சரி, ஓடுகின்ற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி விட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ள வேண்டும். நாய்க்கும் வருஷந்தோறும் தடுப்பூசி போட்டிருந்தால் இந்தச் சந்தேகத்திற்கே பெரும்பாலும் இடமிராது. பயத்திற்கு மருந்து தேடுகின்றவர் முதலில் அந்த ஊசிச் சீட்டைத் தேடிப் பார்க்கட்டும்.

டாக்டர் கொடுத்த மருந்து கைக்கு வந்த பின், அதை முதன்முதலாகத் தீபாவளி அன்றைக்கே கொடுத்துப் பார்ப்பது சரியல்ல. ஒரு வாரம் முன்னதாக, வீட்டில் ஆள் இருக்கின்ற அமைதியான நாளில், டாக்டர் சொன்ன அளவில் ஒரு தரம் கொடுத்துக் கவனிக்க வேண்டும். அல்ப்ராசோலம் போன்றவை சில நாய்களைத் தூங்கச் செய்வதற்குப் பதிலாகத் துள்ளிக் குதிக்கச் செய்யும். சில நாய்கள் பயத்தாலேயே கடிக்காமலிருக்கும். பயம் தெளிந்தவுடன் கடிக்கத் துணிவு வந்து விடும். ஆகையால் மருந்து கொடுத்த நாயருகில் குழந்தைகளை விடக் கூடாது. நேரமும் முக்கியம். பயம் பிடித்துத் தலைதெறிக்க ஓடிய பின் கொடுக்கும் மருந்து பாதிப் பலன் கூடத் தராது. முதல் வெடிக்கு முன்பே, மருந்துக்குத் தக்கபடி அரை மணி, ஒரு மணி, சிலவற்றிற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன ஈற்றுக் களிம்பை நாய் விழுங்கி விட்டால் பலன் குறைந்து விடும்; கொடுப்பவரும் கையுறை போட்டுக் கொள்ள வேண்டும். மருந்து கேட்கவில்லை என்று நாமாக இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று ஏற்றிக் கொண்டே போவது எப்படி முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாய் அட்டையோடு மாத்திரையைத் தின்று விட்டால், எத்தனை தின்றது, எப்போது தின்றது என்று பார்த்து, மீதி அட்டையோடு உடனே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கச் செய்யும் கை வைத்தியம் வேண்டவே வேண்டாம். உப்பு அளவு மீறினால் அதுவே நாய்க்கு நஞ்சு. அன்றியும் மயங்கிக் கிடக்கும் நாய் வாந்தி எடுத்தால் அது சுவாசப் பைக்குள் போய் விடும்.

மருந்தோடு செய்ய வேண்டிய மற்றக் காரியங்கள் செலவில்லாதவை. மனிதன் காது ஏறக்குறைய 20,000 அதிர்வு வரைக்கும் கேட்கும். நாயின் காது 45,000 வரைக்கும் கேட்கும். ஆகவே நமக்குச் சத்தமில்லை என்று தோன்றுகின்ற இடம் அதற்குச் சத்தமில்லாத இடமல்ல. வீட்டின் நடு அறையில் ஜன்னலைச் சாத்தி, விசிறியையோ ரேடியோவையோ ஓட விட்டு, கூட ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று சொல்லுவது ஆதாரமற்றது. வெடிக்கின்ற நேரத்திற்கு முன்பே வெளியே கூட்டிப் போய் வந்து விட வேண்டும். மற்ற மாதங்களில், வெடிச் சத்தத்தைக் கைப்பேசியில் மிக மெதுவாக வைத்து, நாய் நடுங்காத அளவில் நிறுத்தி, கூடவே அதற்குப் பிரியமான தீனியைக் கொடுத்து, வாரக் கணக்கில் சிறிது சிறிதாகச் சத்தத்தை ஏற்றிக் கொண்டு வந்தால், சத்தம் வந்தால் தீனி வரும் என்று அதன் மூளை புதுப்பாடம் படித்துக் கொள்ளும். மருந்து அந்தப் பாடம் ஏறுவதற்கு இடம் செய்து கொடுக்கின்றது.

தீபாவளியைப் பற்றிய நமது அபிப்பிராயம் வாசகர்கள் அறிந்ததேயாகையால் அதை இங்கு விரிக்கவில்லை. ஆனால் வெடி தீபாவளிக்கு மட்டுமா வெடிக்கிறார்கள்? கலியாணத்திற்கு வெடி, சாவுக்கு வெடி, தேருக்கு வெடி, தேர்தலில் ஜெயித்தால் வெடி. இதில் எந்தக் கட்சியும் விலக்கல்ல. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு வெடிக்கும் நேரத்தை இரண்டு மணிக்குள் சுருக்கி, அதன்படி நம் சர்க்கார் அவ்வருஷம் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று விதித்தார்கள். அந்த நேரத்தைத் தெருவில் எத்தனை பேர் மதித்தார்கள் என்பது அவரவர் காதுக்கே தெரியும். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்ற கிராமத்தார், வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரண்டு விடக் கூடாது என்பதற்காக வெகு காலமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டம் போட்டு அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் நம்மை விட அதிகம் படித்தவர்களும் அல்ல.

“மனிதனுக்கே மருந்தில்லாத நாட்டில் நாய்க்கு மனோ வைத்தியமா?” என்று சிலர் பரிகாசம் செய்யலாம். இவர்களுக்குச் சொல்லுகிறோம்: இது சீமான் வீட்டு நாய்களின் விஷயமல்ல. தோட்டத்தைக் காக்கின்ற நாய், ஆட்டுக் கிடைக்குக் காவலிருக்கின்ற நாய், தனியாக இருக்கும் கிழவிக்குத் துணையான நாய், இவைதான் சங்கிலியை அறுத்துக் கொண்டு ஓடித் தொலைகின்றன. பயந்து ஓடுகின்ற நாய்தான் குறுக்கே வந்த குழந்தையைக் கடிக்கின்றது. நாய்க்குச் செய்யும் இந்த வைத்தியத்தில் பாதி மனிதனுக்குச் செய்யும் வைத்தியமே ஆகும்.

சென்னையில் 1903 முதலே கால்நடை வைத்தியக் கல்லூரி இருக்கின்றது. 1989-ல் அதற்கென்று சர்வகலாசாலையே ஏற்பட்டு விட்டது. ஆனால் கிராமத்து மாட்டாஸ்பத்திரியில் நாயின் பயத்தைப் பற்றிக் கேட்டால், “இது ஒரு வியாதியா?” என்று கம்பவுண்டர் சிரிக்கிறார் என்று நமக்குக் கடிதங்கள் வருகின்றன. 1984-ம் வருஷத்துச் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை டாக்டர் யாராயிருந்தாலும் இவ்விஷயத்தை அவரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. சிரித்தால் சிரிக்கட்டும், பதில் வரும் வரை நின்று கேட்க வேண்டும். தீபாவளி இரவில் தாலுக்கா தோறும் ஒரு மாட்டாஸ்பத்திரியாவது திறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு மனு எழுதி, ஐப்பசிக்கு முன்பாகவே கால்நடைத் துறை அதிகாரிக்கு அனுப்புமாறு தோழர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம். அனுப்பிய மனுவின் நகல் ஒன்றை நமக்கும் அனுப்பினால், வந்த பதிலையும் வராத பதிலையும் சேர்த்து இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.